ஐஸ்லாந்துக் கோடையில் பஃபினும் எரிமலையும்: முதல் முறை கேமராவோடு போகிறவர்களுக்கு

ஐஸ்லாந்துக்கு முதல் முறையாகக் கேமராவோடு கிளம்புகிறவர்களிடம் திட்டம் என்னவென்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். தீவைச் சுற்றிவரும் ஒன்றாம் எண் நெடுஞ்சாலை, சுமார் 1,320 கிலோமீட்டர், ஒரு வாரத்தில் ஒரு சுற்று. ஊர் பார்க்க அது நல்ல பயணம். கடல்பறவைகளைப் படமெடுக்க உதவாது. பறவை நம்மைப் பழகி அருகில் வர நேரம் வேண்டும். எரிமலை நிலத்தில் வெளிச்சம் சரியாக விழும்வரை அதே இடத்தில் நிற்க வேண்டும். தினமும் இருநூறு கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு இரண்டும் வாய்க்காது. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இடங்களைக் குறையுங்கள், ஒவ்வோர் இடத்திலும் தங்கும் நாட்களைக் கூட்டுங்கள். கீழே வரும் எல்லாமே இதை ஒட்டித்தான்.

எந்த மாதம், எந்த நேரம்

பஃபின் என்னும் இந்தச் சிறு கடல்பறவைகள் ஆண்டின் பெரும்பகுதியை நடுக்கடலில் கழிக்கின்றன. ஏப்ரல் கடைசியில் முட்டையிடக் கரைக்கு வந்து, ஆகஸ்ட் நடுவில் கிளம்பத் தொடங்கிவிடும். ஓர் இணைக்கு ஒரே ஒரு முட்டை, புல்மேட்டில் தோண்டிய வளைக்குள் இருக்கும். சுமார் நாற்பது நாள் அடைகாத்தபின் குஞ்சு பொரியும். அப்புறம் ஆறு வாரம்போலத் தாயும் தந்தையும் மாறி மாறி மீன் சுமந்து வரும். அலகில் வெள்ளி நிறச் சிறு மீன்கள் வரிசையாகத் தொங்கும் அந்தப் படம்தான் எல்லோருக்கும் வேண்டும். அது பெரும்பாலும் ஜூலையில்தான் கிடைக்கும்.

ஜூன் தொடக்கத்தில் போனால் பறவைகள் இருக்கும், மீன் இருக்காது. உள்நாட்டு மேட்டுநிலச் சாலைகளும் பனியால் மூடியே இருக்கும். ஆகஸ்ட் மூன்றாம் வாரம் போனால் பறவைகள் நின்ற பாறை வெறிச்சோடிக் கிடக்கலாம். ஜூலையின் முதல் மூன்று வாரங்களில் மீனும் உண்டு, சாலைகளும் வழக்கமாகத் திறந்திருக்கும். விலை அதிகம்தான். அறையையும் வண்டியையும் பல மாதம் முன்பே பதிவு செய்யுங்கள். இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். அதற்கும் கோடையில் வரிசை நீளம்.

அடுத்தது கடிகாரம். ஜூன் 21ஐ ஒட்டிய நாட்களில் ரேக்யவிக் நகரில் சூரியன் நள்ளிரவு தாண்டி மறைந்து, மூன்று மணிக்கு முன்பே உதித்துவிடும். நடுவிலும் முழு இருட்டு கிடையாது. ஜூலை முடியும்போதுகூட மறைவது இரவு பத்தரை மணிக்குத்தான். சூரியன் தொடுவானத்தைச் சாய்வாகத் தொட்டு நகர்வதால், நம் ஊரில் இருபது நிமிடத்தில் தீர்ந்துபோகும் அந்தி மஞ்சள் வெளிச்சம் இங்கே மணிக்கணக்கில் நிற்கும். பஃபின்களும் நம் பக்கம்தான். பகலில் பெரும்பாலானவை கடலில் இருக்கும். மாலை எட்டு மணிக்கு மேல் கூட்டமாகத் திரும்பி வந்து வளை வாசலில் நின்று கழுத்தை நீட்டி அக்கம்பக்கம் பார்க்கும். சுற்றுலாப் பேருந்துகள் அதற்குள் போயிருக்கும்.

எனவே நாளைத் தலைகீழாக்குங்கள். காலை பத்து மணிக்குத் தூங்கி மாலை நான்குக்கு எழுந்து, சாப்பிட்டுவிட்டு ஏழு மணிக்குக் களத்துக்குப் போய், நள்ளிரவு தாண்டித் திரும்புங்கள். அறையின் திரை வெளிச்சத்தைத் தடுக்காவிட்டால் கண்பட்டை கைகொடுக்கும். இந்த ஒரு மாற்றத்தைச் செய்தால் சாதாரண லென்ஸிலும் நல்ல படங்கள் கிடைக்கும்.

எங்கே தங்குவது

முதல் முறை போகிறவருக்கு நான் தயங்காமல் சொல்லும் இடம் ஹேய்மேய். தெற்குக் கரைக்கு எதிரே இருக்கும் வெஸ்ட்மன் தீவுக் கூட்டத்தில் மக்கள் வாழும் ஒரே தீவு அது. லாண்டேயாஹெஃப்ன் துறையிலிருந்து படகில் சுமார் நாற்பது நிமிடம். பஃபினும் எரிமலையும் அங்கே ஒரே நாளில் கிடைக்கும், அதுவும் நடந்துபோகும் தூரத்தில்.

1973 ஜனவரி 23 அதிகாலையில் இந்த ஊரின் ஓரத்திலேயே பூமி பிளந்தது. முந்தைய நாள் புயலால் மீன்பிடிப் படகுகள் துறைமுகத்திலேயே நின்றிருந்தன. அதனால்தான் ஏறத்தாழ 5,300 பேரும் அந்த ஒரே இரவில் தப்ப முடிந்தது. அங்கே எழுந்த புதிய மலைக்கு எல்ட்ஃபெட்ல் என்று பெயர் வைத்தார்கள். நூற்றுக்கணக்கான வீடுகள் சாம்பலிலும் லாவாவிலும் புதைந்தன. துறைமுக வாயை லாவா அடைக்க நெருங்கியபோது, கடல்நீரை மாதக்கணக்கில் பீய்ச்சி அதைக் குளிரவைத்து நிறுத்தினார்கள். ஜூலை தொடக்கத்தில்தான் வெடிப்பு அடங்கியது. தோண்டியெடுத்த வீடு ஒன்றை நடுவில் வைத்து எல்ட்ஹேய்மர் என்ற அருங்காட்சியகம் கட்டியிருக்கிறார்கள். மலையில் ஏறுமுன் அங்கே ஒரு மணி நேரம் செலவிடுங்கள். எதைப் படமெடுக்கிறோம் என்பது தெரிந்தால் ஃபிரேமில் எதை வைப்பது என்பதும் தெரியும்: வீட்டுக் கூரைகளுக்குப் பின்னால் கறுப்பாக நிற்கும் லாவா விளிம்பு, எரிமலை வாயின் சிவப்புக்குக் கீழே துறைமுகப் படகுகள்.

எல்ட்ஃபெட்ல் சுமார் 200 மீட்டர் உயரம். பாதையை விட்டு விலகாமல் ஏறினால் போதும், சிரமமில்லை. வானம் தெளிவாக இருந்தால் எதிர்க்கரையில் எய்யாஃபியாட்லயோகுட்ல் தெரியும்; 2010இல் சாம்பலைக் கக்கி ஐரோப்பிய விமானங்களை நிறுத்திய அதே பனிமலை. தெற்கே கடலில் சுர்ட்சே தெரியும். 1963 நவம்பரில் கடலுக்கடியிலிருந்து எழும்பி 1967 ஜூன்வரை வளர்ந்த தீவு. ஆய்வாளர்கள் தவிர யாரும் இறங்கக் கூடாது. நீண்ட லென்ஸில் தூரத்திலிருந்து எடுக்கலாம்.

பஃபின்களுக்கு ஸ்டோர்ஹோஃப்டி என்ற தென்முனை. சாலை இருக்கிறது, பறவை பார்க்கச் சிறு மரக் குடிலும் இருக்கிறது. காற்றுக்குப் பேர்போன இடம் என்பதால் குடிலின் அருமை போனதும் புரியும். மூன்று இரவாவது ஹேய்மேயில் தங்குங்கள். கடல் கொந்தளித்தால் படகு தூரத்திலிருக்கும் வேறு துறைக்கு மாறும், பயணமும் மூன்று மணிக்கு அருகில் நீளும். அதனால் திரும்பும் விமானத்துக்கு முந்தைய நாளை இங்கே வைக்காதீர்கள்.

இன்னும் நாட்கள் இருந்தால் இந்த இரண்டில் ஒன்றே ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மேற்கு ஃபியோர்டுகளின் முனையில் லாத்ராபியர்க் இருக்கிறது: 14 கிலோமீட்டர் நீளம், உச்சத்தில் 441 மீட்டர் உயரமுள்ள கடற்பாறை. அங்கே பஃபின்கள் சில அடி தூரத்தில் நிற்கும். ரேசர்பில், கில்லமாட், கிட்டிவேக், ஃபுல்மார் என்று மற்றக் கடல்பறவைகளெல்லாம் அடுக்கடுக்காகப் பாறையில் கூடு கொண்டிருக்கும். ரேசர்பில்லைப் பார்க்கும்போது அதன் நெருங்கிய உறவான, பறக்கத் தெரியாத ‘பெரிய ஆக்’ என்ற பறவை என் நினைவுக்கு வராமல் இருந்ததில்லை. அதன் கடைசி இணை 1844 ஜூனில் ஐஸ்லாந்தின் எல்டேய் பாறைத்தீவில் கொல்லப்பட்டது. லாத்ராபியர்க் போகும் கடைசிப் பகுதி சரளைச் சாலை, மெதுவாகத்தான் போக முடியும். கிழக்கே போர்கார்ஃபியோர்துர் எய்ஸ்ட்ரியில் ஹாஃப்னார்ஹோல்மி என்ற குன்றில் மரப்படிகளும் மேடையும் கட்டியிருக்கிறார்கள். வயதானவர்கள், குழந்தைகளோடு வருகிறவர்களுக்கு அதுவே சிறந்தது. பறவையும் கலையாது, புல்லும் மிதிபடாது.

பையில் என்ன

பறவைக்கு 100–400 மி.மீ. ஜூம் போதும். 600 மி.மீ. பிரைம் லென்ஸைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியதில்லை. லாத்ராபியர்க்கில் 70–200கூட நிறைய நேரம் சரியாக வரும். நிலத்துக்கு ஒரு வைட் லென்ஸ், 16–35 அல்லது 24–70. முடிந்தால் இரண்டு கேமரா எடுத்துப் போங்கள், லென்ஸ் மாற்றவே வேண்டாம். அங்கே காற்றோடு பறப்பது எரிமலைச் சாம்பலும் கறுப்பு மணலும். கண்ணாடியையும் சென்சாரையும் கீறிவிடும். போலரைசர் ஃபில்டர் கட்டாயம். முக்காலி கனமாக இருக்கட்டும். மழை உறை, நிறைய மைக்ரோஃபைபர் துணி, ஒரு சிறு பாட்டில் குடிநீர். தண்ணீர் எதற்கு என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

கோடை என்ற சொல்லை நம்பிக் குறைவாக உடுத்தாதீர்கள். வெயில் 10, 12 டிகிரியில் இருக்கும், காற்று அதைப் பாதியாக்கிவிடும். காற்று புகாத மேலாடை, மழைக் கால்சட்டை, விரல் திறக்கும் கையுறை, தொப்பி எல்லாம் வேண்டும். தரையில் மணிக்கணக்கில் படுத்திருப்பதால் முழங்கால் பட்டையும் உதவும்.

பறவையை நெருங்குவது, அப்புறம் படம்

போனவுடன் கேமராவை எடுக்காதீர்கள். முதல் அரைமணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். எங்கே வளைகள், எந்தப் பக்கத்திலிருந்து வருகின்றன, எங்கே இறங்குகின்றன, காற்று எந்தத் திசை. பஃபின்கள் இறங்குமுன் ஒரே வட்டப்பாதையில் பலமுறை சுற்றும். பாதை பிடிபட்டால் பாதி வேலை முடிந்தது. எல்லாப் பறவையும் காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். எனவே காற்று உங்கள் முதுகில் படும்படி அமர்ந்தால் இறங்கும் பறவையின் முகம் உங்களை நோக்கி இருக்கும். சூரியனும் முதுகுப்பக்கம் அமைந்தால் அந்த மாலையை வீணாக்காதீர்கள்.

புல்மேட்டின் விளிம்பு கெட்டியான தரை போலத் தெரியும், உள்ளே முழுக்க வளைகள். மேலே நின்றால் கூரை இடிந்து குஞ்சு புதையலாம், விளிம்போடு நீங்களும் சரியலாம். கயிறோ கோடோ இருந்தால் அதைத் தாண்டாதீர்கள். அனுமதித்த இடத்திலும் விளிம்புக்கு அருகே நிற்க வேண்டாம், படுத்து எடுங்கள். படுத்தால் பஃபினின் கண் மட்டத்துக்கும் வருவீர்கள், படம் அங்கேதான் உயிர்பெறும்.

அலகில் மீனோடு ஒரு பறவை உங்கள் தலைக்கு மேல் மூன்று நான்கு முறை சுற்றியும் இறங்கவில்லையென்றால், அதன் வளை உங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது. எழுந்து நன்றாகப் பின்வாங்குங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் குஞ்சுக்குப் போகவேண்டிய மீன் போகவில்லை. கடற்காகங்கள் அதைப் பறிக்கவும் காத்திருக்கும். பஃபினை 2015 முதல் உலக அளவில் அழியும் ஆபத்துள்ள இனமாகப் பட்டியலிட்டிருக்கிறார்கள். வெஸ்ட்மன் தீவுகளில் மீன் குறைந்த ஆண்டுகளில் குஞ்சுகள் பட்டினியால் செத்திருக்கின்றன. ஒரு படத்துக்காக ஒரு வேளை உணவைத் தடுப்பதை நான் எந்த விதத்திலும் ஏற்கமாட்டேன். ஃபிளாஷ் வேண்டாம். டிரோனை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். பறவைப் பாறைகள், காப்பகங்கள் பலவற்றில் அதற்குத் தடை உண்டு.

இனி அமைப்புகள். பஃபினின் முதுகு கறுப்பு, மார்பு வெள்ளை. கறுத்த பாறை பின்னால் இருந்தால் கேமரா ஏமாந்து அதிக வெளிச்சம் வாங்கும், மார்பு வெளுத்து இறகு விவரம் போய்விடும். வானம் பின்னால் வந்தால் நேர்மாறாகப் பறவை கறுத்துவிடும். பறக்கும் பறவை நொடிக்கு நொடி பாறை, கடல், வானம் என்று பின்னணியை மாற்றுவதால் தானியங்கி அளவீடு தடுமாறும். வெளிச்சம் சீராக இருக்கும்போது முழு மேனுவலுக்குப் போங்கள். நின்றுகொண்டிருக்கும் ஒரு பஃபினின் வெள்ளை மார்பை வைத்து அளவைத் தீர்மானியுங்கள்: கேமரா திரையில் வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமின் வலது ஓரத்தை அது நெருங்கலாம், முட்டக் கூடாது. மேகம் மூடிய மாலையில் ஷட்டர் 1/2500 நொடி, எஃப் 6.3, ஐஎஸ்ஓ 1600 அல்லது 3200 என்று தொடங்கலாம். ரா கோப்பாக எடுங்கள். மூடிய வானத்தைக் கண்டு வருந்த வேண்டாம். கறுப்பு வெள்ளைப் பறவைக்கு அதுவே நல்ல வெளிச்சம்.

பறக்கும் பஃபினோடு தொடங்காதீர்கள். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகம், நிமிடத்துக்கு 400 இறக்கை அடிப்பு என்பார்கள். புதியவருக்கு வானம்தான் பதிவாகும். முதலில் ஃபுல்மாரைப் பிடியுங்கள். பாறையில் மோதி மேலேறும் காற்றில் இறக்கையை விறைப்பாக வைத்துக்கொண்டு, உங்கள் கண் மட்டத்திலேயே மிதந்து போய்வரும். 1/1250 போதும். அதில் கை பழகியபின் கிட்டிவேக், அப்புறம் பஃபின். தூரத்தில் வரும்போதே ஒரு பறவையைத் தேர்ந்து, தொடர் ஃபோகஸில் பின்தொடர்ந்து, நெருங்கியபின் அழுத்துங்கள். ஆரஞ்சு நிறக் கால்களை விரித்து வேகத்தைக் குறைக்கும் கடைசி நொடிகள்தான் எளிதும் அழகும். ஃபுல்மார் கூட்டை மட்டும் நெருங்க வேண்டாம். நாற்றமெடுக்கும் எண்ணெயைப் பீய்ச்சும், துணியிலிருந்து போகாது.

ஆர்க்டிக் ஆலா கூடு கட்டும் சமவெளியில் தலைக்கு மேல் பாய்ந்து கொத்தும். ஆண்டுதோறும் அண்டார்க்டிகாவரை போய்வரும் பறவை, குஞ்சைக் காக்க யாருக்கும் அஞ்சாது. முக்காலியைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்தால் அதைத்தான் கொத்தும். அங்கிருந்து சீக்கிரம் விலகுவதே முறை. சாலையோரம் குஞ்சுகள் வரும், வண்டியை மெதுவாக ஓட்டுங்கள்.

எரிமலை நிலம்

பஃபினின் மார்பில் கற்றது தெற்குக் கரையின் ரேனிஸ்ஃபியாரா கடற்கரையில் நேராகப் பயன்படும். கறுப்பு மணல், வெள்ளை நுரை. மணலைக் கறுப்பாகவே வைக்க எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப்போல, அதாவது வெளிச்சம் பாதியாகும்படி, இறக்குங்கள். நுரை பின்வாங்கும் கணத்தில் அரை நொடி ஷட்டர் கொடுத்தால் மணலில் கோடுகள் விழும். ஆனால் உயிரைவிட அந்தக் கோடு பெரிதல்ல. சாதாரணமாக வந்துகொண்டிருக்கும் அலைகளுக்கு நடுவே திடீரென்று ஒன்று வெகுதூரம் ஏறிவந்து ஆளை இழுத்துப் போகும். அங்கே பலர் இறந்திருக்கிறார்கள். நுழைவாயிலில் எச்சரிக்கை விளக்கு இருக்கிறது. சிவப்பு எரிந்தால் கீழே இறங்கவே வேண்டாம். மற்ற நாட்களிலும் கடலுக்கு முதுகு காட்டாதீர்கள், முக்காலியை ஈர மணலில் ஊன்றாதீர்கள். உயரத்திலிருந்து நீண்ட லென்ஸில் எடுத்த படம் பெரும்பாலும் மேலானதாகவே இருக்கும்.

கரையோரம் நிற்கும் அறுகோணப் பசால்ட் தூண்கள், லாவா மெதுவாகக் குளிர்ந்து சுருங்கும்போது விரிசல் விட்டு உருவானவை. நேர் எதிரே நின்று எடுத்தால் சுவர் போலத் தட்டையாகிவிடும். பக்கவாட்டு வெளிச்சத்தில், மாலை வெகுநேரம் கழித்து எடுங்கள், ஒவ்வொரு தூணின் விளிம்பும் தனித்து நிற்கும்.

கிழக்கே போனால் எல்த்ரெய்ன், 1783–84இல் லாகி பிளவு எட்டு மாதம் கக்கிய லாவா வெளி. அந்த வெடிப்பின் நச்சு வாயுவால் புல் கருகி, கால்நடை செத்து, நாட்டு மக்களில் ஐந்தில் ஒரு பங்கு பஞ்சத்தில் மாண்டார்கள். இன்று அதன்மேல் தடித்த பாசி போர்த்தியிருக்கிறது. மிதித்த பாசி பல பத்தாண்டு தேறாது, சாலையோர வாகன நிறுத்தத்திலிருந்தே எடுங்கள். தூறல் நாளில் போய்ப் போலரைசரைச் சுழற்றிப் பாருங்கள். ஈரப்பளபளப்பு நீங்கிப் பச்சை ஆழமாகும். சாலையைவிட்டு வண்டியை இறக்குவது ஐஸ்லாந்தில் எங்கேயும் சட்டவிரோதம், அபராதமும் கடுமை.

மீவாட்ன் ஏரிப்பக்கம் க்வெரிரில் கொதிசேறும் நீராவித் துளைகளும் உண்டு. ஆவியை எப்போதும் எதிர்வெளிச்சத்தில் எடுங்கள், முன்வெளிச்சத்தில் அது மங்கல் புகைதான். அங்கே லென்ஸில் விழும் துளிகளில் கரைந்த சிலிக்கா இருக்கும். காய்ந்தால் கறை நிரந்தரமாகப் படியலாம். பாட்டில் தண்ணீர் இதற்குத்தான்: துணியை நனைத்து உடனே ஒற்றியெடுங்கள். கயிற்றைத் தாண்டினால் மெல்லிய மேலோட்டுக்குக் கீழே கொதிநீர். லாண்ட்மன்னாலொய்கரின் வண்ண மலைகளுக்கு எஃப் எழுத்தில் தொடங்கும் சாலைகளில்தான் போக வேண்டும். நான்கு சக்கர இயக்க வண்டி கட்டாயம். ஆற்றைக் கடந்து பழக்கமில்லாதவர் பேருந்தில் போகலாம்.

ரேக்யனேஸ் தீபகற்பத்தில் 2021 முதல் பலமுறை வெடிப்புகள் நடந்திருக்கின்றன. அதை நம்பிப் பயணத்தைத் திட்டமிடாதீர்கள். நீங்கள் இருக்கும்போது நடந்தால், அதிகாரிகள் திறந்துவிட்ட பாதையில் மட்டும், காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் நின்று பாருங்கள். கறுத்து உறைந்ததுபோலத் தெரியும் லாவாமேல் கால் வைக்கவே கூடாது.

தினமும் கிளம்புமுன்

ஐஸ்லாந்து வானிலை அலுவலகத்தின் முன்னறிவிப்பில் காற்றை நொடிக்கு இத்தனை மீட்டர் என்று தருவார்கள். 15ஐத் தாண்டினால் பாறை விளிம்புக்குப் போகாதீர்கள், 20ஐத் தாண்டினால் வண்டியே எடுக்க வேண்டாம். வண்டியைக் காற்றுக்கு எதிர்முகமாக நிறுத்தி, கதவைக் கையால் பிடித்தபடி திறங்கள்; காற்றில் பிய்ந்த கதவுக்குப் பெரும்பாலான வாடகைக் காப்பீடு பணம் தராது. மணல், சாம்பல் காப்பீடு தனி, தெற்குக் கரை போகிறவர் அதை வாங்கிவிடுங்கள். சில பறவை இடங்கள், டிர்ஹோலேய் மாதிரி, கூடுகட்டும் காலத்தில் மூடப்படும் அல்லது நேரம் குறைக்கப்படும். அன்றன்றைய நிலையைப் பாருங்கள். அவசரத்துக்கு 112.

அறைக்குத் திரும்பியதும் முதலில் கார்டை இரண்டு இடத்தில் பிரதியெடுங்கள். அப்புறம் முக்காலிக் கால்களைக் கழற்றிக் குழாய்நீரில் உப்பையும் மணலையும் கழுவிக் காயவையுங்கள். லென்ஸை முதலில் காற்றுப்பந்தால் ஊதி, மணல் துகள் ஒன்றும் இல்லையென்று பார்த்தபின் மட்டும் துணியைத் தொடுங்கள். பேட்டரிகளைச் சார்ஜில் போட்டுவிட்டுத் திரையை மூடித் தூங்குங்கள்; மாலை நான்கு மணிக்கு எழ வேண்டும்.